மறுக்கத் தெரிந்த பட்டியல்: கொடைக்கானல் இணையதளங்களும் டைரக்டரி இணைப்புகளும்

கொடைக்கானலில் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துபவருக்கும் பூம்பாறையில் மலைப்பூண்டு விற்பவருக்கும் இணையதளம் தொடங்கியதும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: முடிந்தவரை நிறைய டைரக்டரிகளில் பெயரைச் சேர்த்து, அங்கிருந்து பேக்லிங்க், அதாவது உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு, வாங்குங்கள். எந்த டைரக்டரியில் சேர்வது என்று கேட்டால் இரண்டு எண்களைக் காட்டுவார்கள்: அதில் எத்தனை தளங்கள் இருக்கின்றன, அதன் மதிப்பெண் என்ன. இவ்விரண்டும் ஒரு டைரக்டரியின் தரத்தைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு என்பது என் வாதம். அது யாரை உள்ளே விட மறுத்தது, உள்ளே விட்டவர்களில் யாரைப் பின்னர் நீக்கியது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

டைரக்டரி இணைப்புக்கு மதிப்பு வந்த வரலாறே இதற்குச் சான்று. 1994இல் தொடங்கிய யாஹூ டைரக்டரியில் ஆட்கள் உட்கார்ந்து தளங்களைத் திறந்து பார்த்தார்கள். பின்னாளில் வணிகத் தளங்களிடம் ஆண்டுக்கு 299 டாலர் வாங்கியபோதும் அது பரிசீலனைக் கட்டணமாகவே இருந்தது. பணம் கட்டியவருக்கெல்லாம் இடம் உறுதியில்லை. 1998இல் பிறந்த டிமோஸ் டைரக்டரி முழுக்கத் தன்னார்வலர்களின் உழைப்பு. தமிழுக்கென்றும் அதில் ஒரு கிளை இருந்தது. அதே 1998இல் கூகுளின் நிறுவனர்கள் பிரின்னும் பேஜும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறையில், இணைப்பு கொடுக்கும் பக்கத்தின் தகுதியே அந்த இணைப்பின் எடையைத் தீர்மானித்தது. ஒரு மனிதர் படித்துப் பார்த்து, வேண்டாததைத் தள்ளிவிட்டுக் கொடுத்த இணைப்பு என்பதால்தான் டைரக்டரி இணைப்பு கனத்தது.

கனத்தைக் கண்டவர்கள் போலிகளைச் செய்தார்கள். விண்ணப்பித்த எவரையும் சேர்க்கும் டைரக்டரிகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் இறக்கிய பெங்குவின் மாற்றத்தில், செயற்கையாக இணைப்பு சேர்த்த தளங்கள் தரவரிசையில் சரிந்தன. தரமற்ற டைரக்டரி இணைப்புகளைக் கூகுள் தன் விதிகளில் பெயர் சொல்லியே கண்டிக்கிறது. யாஹூ டைரக்டரி 2014 டிசம்பரில் மூடப்பட்டது, டிமோஸ் 2017 மார்ச்சில்.

டைரக்டரிகளின் காலமே முடிந்துவிட்டது என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. உலகம் முழுவதையும் ஒரே பட்டியலில் அடைக்கும் முயற்சி முடிந்தது, அவ்வளவுதான். ஒரு கடை எவ்வளவு அறியப்பட்டது என்று கணிக்க, இணைப்புகள், கட்டுரைகள் ஆகியவற்றோடு டைரக்டரிகளையும் பார்ப்பதாகக் கூகுளின் உள்ளூர்த் தேடல் குறித்த உதவிப் பக்கமே சொல்லிவந்திருக்கிறது. நூற்றுக்கு இத்தனை என்று இணைப்புத் தரகர்கள் காட்டும் மதிப்பெண்ணான ‘டொமைன் அத்தாரிட்டி’யோ மோஸ் என்ற தனியார் நிறுவனத்தின் கணிப்பு. கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

அப்படியானால் மறுக்கத் தெரிந்த பட்டியலை வெளியிலிருந்து கண்டுகொள்வது எப்படி? கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடரில் அதற்கு வசதியான சோதனைகள் இருக்கின்றன.

கொடைக்கானல் ரோடு ரயில் நிலையம் சமவெளியில், அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. அங்கிருந்து கொடைக்கானலுக்கு ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் மலையேற வேண்டும். பழனி மலைத்தொடர் வேறு, அதன் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் பழனி ஊர் வேறு. கொடைக்கானலின் தொலைபேசிக் குறியீடு 04542, பழனிக்கு 04545. இந்தப் பக்கத்து ஆள் எவரும் இவற்றைக் குழப்பிக்கொள்ள மாட்டார். ‘கொடைக்கானல் விடுதிகள்’ என்ற தலைப்பின் கீழ் கொடை ரோட்டு லாட்ஜையும் பழனி அடிவாரத்து யாத்ரிகர் விடுதியையும் ஒரு டைரக்டரி வரிசைப்படுத்தினால், அந்தப் பக்கத்தை மனிதக் கண் பார்த்ததில்லை என்று பொருள். மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அந்த இடத்தை விட்டு விலகுவதே மேல்.

அடுத்தது, மூடியவற்றின் கணக்கு. கொடைக்கானலின் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது நாடறிந்த செய்தி. ஒரு தொழில் டைரக்டரி அதை இன்னும் இயங்கும் உற்பத்தியாளராகக் காட்டுமானால், அங்கே நீக்குகிற வேலை நடப்பதேயில்லை. ஆங்கிலேயர் காலத்தில் சென்னை அசைலம் அச்சகம் வெளியிட்ட அல்மனாக்கில் ஆட்கள், முகவரிகளின் பட்டியல் ஆண்டுதோறும் புதிதாக அச்சேறியது. பழைய பிரதி பழையது என்று அட்டையிலுள்ள ஆண்டே சொல்லிவிடும். இணையப் பட்டியலுக்கு அந்த ஆண்டு முத்திரை இல்லை.

மூன்றாவது சோதனை, தொலைபேசி எண். உரிமையாளரின் எண்ணுக்குப் பதில் தரகு மையத்தின் எண்ணைப் போட்டு, வரும் அழைப்பைப் பல விடுதிகளுக்கு விற்கும் பட்டியல்கள் உண்டு. அங்கே சேர்வது, தன் வாடிக்கையாளரைத் தானே பிறருக்கு அனுப்பிவைக்கும் காரியம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு பதிவின் பிழையைச் சுட்டி டைரக்டரிக்கு எழுதியும் பார்க்கலாம். பதில் வந்தால் உள்ளே ஆள் இருக்கிறார்.

அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் அனுமதியற்ற கட்டடங்களுக்குச் சீல் வைக்கப்பட்ட ஊர் இது. உரிமம் இருக்கிறதா என்று கேட்காமல் சேர்க்கும் டைரக்டரி, முறையாக நடத்துபவரைச் சீல் விழுந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துகிறது. அந்த இணைப்பு தரவரிசையில் ஏற்றுமோ இறக்குமோ, பார்க்கிறவர் மனத்தில் சந்தேகத்தை விதைக்கும்.

நல்ல பட்டியலுக்கு இந்த மலையிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். விருப்பாச்சி மலைவாழை 2008இலும், பழனி பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019இலும் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் ஏட்டில் ஏறின. அங்கே விண்ணப்பத்தை ஆராய்கிறார்கள், இதழில் வெளியிடுகிறார்கள், ஆட்சேபிக்க மூன்று மாதம் விடுகிறார்கள். மறுப்பதற்கென்றே அமைந்த நடைமுறை. ஆனால் அதில் பூண்டு விற்பவரின் தளத்துக்குச் சொடுக்கிச் செல்லும் இணைப்பு கிடைக்காது. பேக்லிங்க் எண்ணுபவரின் கணக்கில் அது பூஜ்யம். எண்ணிக்கை முறையின் கோளாறு இவ்வளவு அப்பட்டமாகத் தெரியும் இடம் வேறில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநராகத் தன்னைப் பதிந்துகொண்டு, அதைத் தளத்தில் தெளிவாகச் சொல்லும் விவசாயிக்கு, பூண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் தாமாகவே இணைப்பு கொடுக்கக் காரணம் கிடைக்கிறது.

மறுக்கும் அதிகாரம் சிறியவர்களை நசுக்காதா என்ற ஆட்சேபம் நியாயமானது. டிமோஸில் விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் தேங்கின. போட்டியாளரே தொகுப்பாளராக இருந்து வழிமறிக்கிறார் என்ற புகாரும் எழுந்தது. தமிழில் 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் வலைப்பதிவுத் திரட்டியிலும், எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பது சண்டையாயிற்று. ஆயினும் நீக்கப்பட்டவர் கோபப்பட்டதற்குக் காரணம், அங்கிருந்து வாசகர்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்பதே. கேட்டவரையெல்லாம் சேர்க்கும் டைரக்டரியிலிருந்து பெயர் போனதற்காக எவரும் வழக்காடியதாகத் தெரியவில்லை.

ஆகவே, தேடுபொறி தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லும், 2005 முதல் வழக்கிலிருக்கும் ‘நோஃபாலோ’ குறி ஓர் இணைப்பில் இருப்பதாலேயே அதை ஒதுக்க வேண்டியதில்லை. 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டது. மலையேறும் முன்பே பயணி இணையத்துக்கு வந்துவிடுகிறார். வட்டக்கானலில் அறை தேடும் அவர் உண்மையில் படிக்கும் பட்டியல் ஒன்றில் நோஃபாலோ குறியோடு இடம் கிடைத்தால், யாரும் திறக்காத நூறு டைரக்டரிகளின் கட்டணத்தை அந்த ஒன்றுக்கே கொடுக்கலாம்.