கலிமா விரலும் 53 என்ற எண்ணும்

தரம் 9இல் கற்கும் மாணவனொருவன் ஒருநாள் கேட்டான்: “சேர், அத்தஹிய்யாத்தில வலக்கையை 53 போல வைக்கணும் என்று ஓதுற பள்ளியில சொன்னாங்க. அதென்ன 53?”

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. நாற்பது வயது கடந்தும், நாள்தோறும் என் கை காட்டிவரும் எண்ணை நான் அறிந்திருக்கவில்லை.

இப்னு உமர் (ரலி) அவர்களின் அவ்வறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. விரல்களை மடித்து எண்களை உணர்த்தும் முறையொன்று அன்றைய அரபு மக்களிடம் வழக்கில் இருந்தது. சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல் மூன்றையும் உள்ளங்கையில் மடித்தால் 3. பெருவிரலை வளைத்து கலிமா விரலின் அடியில் வைத்தால் 50. இரண்டும் ஒரே கையில் சேரும்போது 53. கலிமா விரல் மட்டும் நீண்டு நிற்கும். எண்ணைச் சொன்னதுமே கேட்டவர் கண்முன் கையின் வடிவம் வந்துவிடும். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இம்முறை அரபு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் கிறிஸ்தவத் துறவி பீட் என்பவர், காலக் கணிப்புப் பற்றி 725இல் எழுதிய இலத்தீன் நூலில் இதையே விளக்குகிறார். அவருடைய 3உம் 50உம் நமது வடிவங்களே. ஆனால் அவர் ஒன்றுகளையும் பத்துகளையும் இடக்கையில் காட்டினார். நூறுகளையும் ஆயிரங்களையும் வலக்கையில் வைத்தார். அரபு முறையிலோ இது நேர்மாறு. ஆகவே நமது வலக்கை காட்டும் 53ஐப் பீட் 3,500 என்றே வாசித்திருப்பார். விரல்கள் மாறவில்லை, மக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுதான் மாறியது.

உடன்பாடே தேவைப்படாத சைகையும் உண்டு. மாதத்தின் நாட்களை உணர்த்த நபி (ஸல்) அவர்கள் இரு கைகளின் விரல்களையும் மும்முறை விரித்துக் காட்டி, மூன்றாம் முறை ஒரு பெருவிரலை மடித்துக் கொண்டார்கள். 29 நாட்கள். எழுத்தறியாதவரும் எந்நாட்டவரும் அதை எண்ணிக் கொள்ளலாம். 53 அப்படியானதன்று, கற்றவருக்கே அது பேசும்.

9ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி இந்திய இலக்கங்களை விளக்கி எழுதினார். அதன் பின்னரும் விரற்கணக்கு நெடுங்காலம் நிலைத்து, மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. வடிவம் மட்டும் தொழுகையில் எஞ்சியது.

அந்த விரலை அசைப்பதா, அசையாது வைப்பதா என்ற வாதத்தில் எமது ஊரிலும் சிலர் ஸலாம் சொல்வதை நிறுத்திக் கொண்ட காலம் ஒன்றிருந்தது. நானும் ஒரு பக்கம் நின்று வாதாடியவன்தான். வாதித்த எவரும் அந்தக் கை சொல்லும் எண் யாதெனக் கேட்டதில்லை. ஒரு சிறுவன் கேட்டான்.

மறுவாரம் வகுப்பில் அனைவரையும் விரல் மடிக்கச் சொன்னேன். முப்பது வலக்கைகள் உயர்ந்தன. பிறகு நான் இடக்கையை உயர்த்தி அதே வடிவத்தைக் காட்டி, இது எத்தனை என்று கேட்டேன். கேள்வி கேட்ட அந்த மாணவன்தான் முதலில் சொன்னான்: “பீட் கிட்ட கேட்டா 53. எங்களுக்கு 3,500, சேர்.”