பல்வங்கர் பாலு

திகனையை அடுத்த பல்லேகலை மைதானத்தில் கிறிக்கெற் ஆட்டம் நிகழும் நாள்களில், மக்கள் கண்கள் ஆட்டக்காரர்மீதே பதிந்திருக்கும். களத்தை உருளையிட்டுச் சமன்செய்து, கோடு வரைந்த பணியாளரை நினைப்போர் அரியர். ஆயின், இந்தியக் கிறிக்கெற்றின் முதற்பெரும் பந்துவீச்சாளர் அத்தகைய பணியாளருள் ஒருவராகவே வாழ்வைத் தொடங்கினார். அவரே பல்வங்கர் பாலு.

1870களின் நடுவில் தார்வார் நகரிற் பிறந்த பாலு, தோற்றொழிற் குலத்தவர். அக்குலத்தாரை அக்காலச் சமூகம் தீண்டத்தகாதோரென ஒதுக்கியிருந்தது. பூனாவில் பார்சியர் கழகமொன்றில் மாதம் 3 ரூபா ஊதியத்துக்குக் களங்கூட்டினார். பின்னர் வெள்ளையரின் பூனாக் கழகம் 4 ரூபா வழங்கியது. வலை கட்டுதலும் கோடிடுதலும் அவர் கடமைகள். அவற்றினூடே உறுப்பினர்களுக்குப் பந்தும் வீசினார். கிரெய்க் என்னும் தேர்ந்த துடுப்பாட்டக்காரர், பிறர் வருமுன்னரே வந்து அவர் பந்துகளை எதிர்கொள்வது வழக்கம். இடக்கைச் சுழற்பந்தின் நுட்பங்கள் அப்பயிற்சியாற் பாலுவுக்குக் கைவந்தன. துடுப்பைப் பிடிக்கும் வாய்ப்போ அங்கு அவருக்குக் கிட்டவில்லை.

அவர் திறனறிந்த பூனா இந்துக்கள், சிலர் எதிர்த்தபோதும் அவரைத் தம் அணியிற் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவர் மண்டபத்துக்கு வெளியே நின்று தனி மட்கலத்திற் பருகினார். உணவும் தனியிடத்திலேயே அளிக்கப்பட்டது.

பின்னர் பம்பாயிற் குடியேறி, ரயில்வேயிற் பணியாற்றியவாறே இந்து அணிக்கு ஆடினார். 1906 இல் அவ்வணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றது. 1911 இல் பட்டியாலா மகாராசா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி, 23 ஆட்டங்களுள் ஆறில் மட்டுமே வெற்றி கண்டது. பாலுவோ 114 விக்கெற்றுகளை வீழ்த்தினார். அத்துணைச் சிறப்பும் அவருக்கு அணித்தலைமையைத் தேடித்தரவில்லை. 1920 இல் பாலு அணியினின்று நீக்கப்பட, தம்பி விட்டலுக்கும் தலைமை மறுக்கப்பட்டது. இதனைக் கண்டித்து விட்டலும் மற்றொரு தம்பியான சிவராமும் ஆட மறுத்தனர். அதன் பின்னரே பாலு மீண்டும் அழைக்கப்பட்டு உபதலைவரானார். 1923 இல் விட்டல் தலைவராகி, அணியை வெற்றிவாகை சூடச் செய்தார். பாலு 1955 இற் காலமானார்.

விக்கெற்றுகள் பாலுவுக்குப் புகழைத் தந்தன. ஆயினும் பதவியின் கதவு, உடன்பிறந்தோர் தன்மானங் கருதி ஆட மறுத்த பின்னரே திறந்தது. திறமை ஒன்றே சாதியை வென்றுவிடும் என்போர் இவ்வரலாற்றை ஊன்றி நோக்குதல் வேண்டும்.