தென்னார்க்காட்டில் கிறித்தவமும் மனைவாழ்க்கையும்

தமிழகத்துக் கிறித்தவ சமய வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அச்சு, அகராதி, இலக்கணம், உரைநடை, பள்ளி ஆகியவற்றின் வழியாகவே அதனை நோக்கியுள்ளனர். சீகன்பால்க், வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோர் தமிழுக்கு ஆற்றிய பணிகளை நம் துறையினர் நன்கு அறிவர். ஆயின், ஒரு சமயம் ஒரு நாட்டில் வேரூன்றியது என்று துணிவதற்கு நூற்சான்று மட்டும் போதாது. அது மனைக்குள் புகுந்து, உண்ணும் முறையையும் மணக்கும் முறையையும் மகப்பேற்றையும் எவ்வாறு தொட்டது என்பதையும் காணல் வேண்டும். இவ்வகையில் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து விழுப்புரம், திண்டிவனம் பகுதிகள் நமக்குச் சிறந்த சான்றுகளை அளிக்கின்றன. அவற்றுள் சிலவற்றை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உணவும் மணமும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழகத்துச் சீர்திருத்தத் திருச்சபைகளிடையே எழுந்த பெரும் பூசல் இறையியல் கொள்கை பற்றியதன்று, உடனுண்ணல் பற்றியது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிமார், சாதி வேறுபாட்டை விட்டமைக்கு அடையாளமாகப் பிற குலத்தாருடன் அமர்ந்து உண்ண வேண்டும் என வற்புறுத்தினர். லைப்சிக் மிஷனின் தலைவராக இருந்த கார்ல் கிரவுல் இதற்கு உடன்படவில்லை. சாதி என்பது பெரும்பாலும் குடிவழக்கு. அதனைக் கட்டளையால் ஒரு நாளில் ஒழித்தல் இயலாது. நற்செய்தியின் பயிற்சியால் அது தானே தேய்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. திருக்குறளை 1856இல் செருமானிய மொழியில் பெயர்த்தவர் இவரே என்பது தமிழறிஞர் அறிந்ததாகும்.

அதே மிஷனைச் சார்ந்த கார்ல் ஓக்ஸ் என்பார் மறுதலையான கருத்துடையவர். சாதிக்கு இடங்கொடுத்தல் சமயத்தின் அடிப்படைக்கே கேடு என்று கருதிய அவர், அம்மிஷனினின்று விலகித் தென்னார்க்காடு புகுந்து, 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் நிலையத்தை நிறுவினார். டென்மார்க்கு நாட்டு மிஷன் சங்கம் அப்பணியை ஏற்று வளர்த்தது. அதன் வழிவந்ததே பிற்காலத்து ஆர்க்காடு லுத்தரன் திருச்சபை.

இவ்விருவருள் யார் கொள்கை சரியானது என்று தீர்ப்புக் கூறுவது ஈண்டு நம் கருத்தன்று. இருவரும் மனையையே பொருளாகக் கொண்டு வாதிட்டனர் என்பதே நாம் கருதத்தக்கது. கோயிலில் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து பெற்றவர், வீட்டில் ஒரே பந்தியில் அமர்வாரா? தம் மகளைப் பிற குலத்து மகனுக்குக் கொடுப்பாரா? வினா இதுவே. கிரவுல் மனைக்குள் கட்டளை செல்லாது என்றார்; ஓக்ஸ் செல்லாவிடில் சமயம் இல்லை என்றார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் கிறித்தவக் குடும்பங்களின் மணப்பேச்சில் சாதி ஒழியவில்லை என்பதை நோக்கின், இருவரும் கண்ட இடர் மெய்யானதே என்பது புலனாகும்.

திண்டிவனமும் ஆர்க்காட்டு மிஷனும்

திண்டிவனம், சென்னையினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில் அமைந்த ஊர். புதுச்சேரிக்கும் செஞ்சி, திருவண்ணாமலைக்கும் வழிகள் இங்குப் பிரிகின்றன. இவ்வூர், அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஆர்க்காட்டு மிஷனின் நிலையங்களுள் ஒன்றாயிற்று.

அம்மிஷன் 1853இல் ஸ்கடர் குடும்பத்து உடன்பிறந்தார் மூவரால் அமைக்கப்பெற்றது. அவர்தம் தந்தையார் மருத்துவர் ஜான் ஸ்கடர். 1819இல் அமெரிக்காவினின்று புறப்பட்டு யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணிபுரிந்து, 1836இல் சென்னைக்கு வந்தவர் அவர். அவர் மைந்தர் எழுவர் இந்நாட்டில் பணியாற்றினர். அம்மிஷன் தொடக்கத்தில் ஆங்கிலப் பள்ளிகளை விலக்கி, தமிழில் ஊர்தோறும் நற்செய்தி கூறுவதையே முதற்கடமையாகக் கொண்டது.

ஒரு சிற்றூரார் சமயம் புக விரும்பின், அவரிடத்து வேண்டப்பட்ட உறுதிமொழிகளுள் உருவ வழிபாட்டை விடுதல், ஓய்வுநாளைக் காத்தல், செத்த விலங்கின் ஊனை உண்ணாமை ஆகியவை இருந்தன. இவற்றுள் முதலாவது கோயிலைப் பற்றியது. இரண்டாவது தொழிலையும் கூலியையும் பற்றியது. மூன்றாவது அடுப்பைப் பற்றியது. மூன்றாவதன் அருமையை நகரத்தார் எளிதில் உணரார். பண்ணை வேலை செய்து வாழ்ந்த ஏழை மக்களுக்குச் செத்த மாட்டின் ஊன் உணவு மட்டுமன்று. ஊரார் அவர்க்கு விதித்த தொழிலின் பயனுமாகும். அதனை விடுதல் ஓர் உணவையும், அதனோடு ஓர் உரிமையையும், ஓர் இழிவையும் ஒருங்கே விடுதலாகும். ஆதலின், அவ்வுறுதிமொழியின் சுமை சோறாக்கும் பெண்ணின்மேலேயே மிகுதியும் விழுந்தது எனலாம். 1876-78இல் வந்த பெரும்பஞ்சத்திற்குப் பின்னர்ச் சமயம் புகுந்தோர் பலராயினர். பசியால் வந்தவர் என்று அவரைப் பழித்தல் எளிது. ஆயின், பஞ்சம் நீங்கிய பின்னும் பல குடும்பங்கள் நிலைத்து நின்றமைக்கு வேறு காரணம் தேடுதல் வேண்டும். பிள்ளைக்கு எழுத்தறிவு, மாலையில் வீட்டில் கூடிச் செய்யும் மன்றாட்டு, வீடு தேடி வந்து நலம் வினவும் உபதேசியார் ஆகியவை அக்காரணங்களுள் அடங்கும் என்பது எம் கருத்து.

ஓரிரவில் மூவர் வரவு

திண்டிவனத்தைப் பற்றி உலகெங்கும் பேசப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. முதல் ஜான் ஸ்கடரின் பெயர்கொண்ட மைந்தர் இரண்டாம் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் மருத்துவப் பணி ஆற்றினார். அவர் ஒரே மகள் ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் நார்த்பீல்டில் கற்றார். தாயார் நோயுற்றமையால் திண்டிவனம் வந்தார். மிஷனரியாக வாழ அவருக்கு விருப்பம் இல்லை. தாய் தேறியதும் மீளவே எண்ணியிருந்தார்.

1890களின் தொடக்கத்தில் ஓரிரவு. அந்தணர் ஒருவர் வந்து, தம் இளமனைவி மகப்பேற்றில் இடருறுவதாகவும் ஐடா வந்து காத்தல் வேண்டும் எனவும் இரந்தார். தாம் மருத்துவம் கற்றிலர் என்றும், தந்தையாரை அழைத்துச் செல்க என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியைக் காணல் ஆகாது என்று அவர் மறுத்துச் சென்றார். அடுத்து இசுலாமியர் ஒருவர் அதே வேண்டுகோளுடன் வந்து, அதே மறுமொழி கூறிச் சென்றார். மூன்றாவதாக, உயர்குல இந்து ஒருவரும் அவ்வாறே வந்து மீண்டார். காலையில் ஆளனுப்பி வினவியபோது மூன்று பெண்டிரும் இறந்தனர் என்ற செய்தி வந்தது. அதன் பின்னரே ஐடா மருத்துவம் கற்கத் துணிந்தார்.

இவ்வரலாறு ஐடா அம்மையார் தாமே பலமுறை எடுத்துரைத்தது. மேரி பாலின் ஜெப்ரி 1938இலும், டாரதி கிளார்க் வில்சன் 1959இலும் அவர் வாழ்நாளிலேயே வெளியிட்ட வரலாற்று நூல்கள் இதனை விரித்துரைக்கின்றன. கூறுவோர் ஒருவரே ஆதலின், இதனை நீதிமன்றச் சான்றுபோற் கொள்ளாமல், ஒருவர் தம் வாழ்வின் திருப்பத்தை நினைவுகூர்ந்த உரையாகக் கொள்ளல் தகும். மூன்று என்னும் எண்ணும், மூவர் மூவகைக் குடியினராதலும் கதைப்பாங்கு உடையன என்று ஐயுறுவாரும் உளராகலாம். ஆயினும், அந்நாளைய மனைநிலையை நோக்கின், இதில் கூறப்படும் ஒவ்வொரு செய்தியும் இயல்பானதே. பெண்ணின் மணவாழ்க்கை பற்றிய வயது வரம்பைப் பத்தினின்று பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் 1891இல்தான் நிறைவேறியது என்பதை நினைத்தல் வேண்டும்.

கடிமனை

அம்மூவரையும் கல்நெஞ்சர் எனக் கூறுவார் பலர். இக்கூற்று ஆராயத்தக்கது. நள்ளிரவில் அயல்நாட்டார் வீட்டுக் கதவைத் தட்டியவர் மனைவிமேல் அன்பிலர் ஆகார். அன்பு இருந்தும் வழி இல்லாமையே அவர் நிலை.

மகவு ஈன்ற மனையைக் காவல்மனையாகக் கருதும் வழக்குத் தமிழகத்தில் மிகப் பழைமையானது. தொல்காப்பிய உரியியல் ஈன்றணிமையைக் குறிக்கப் புனிறு என்று தனிச்சொல்லே வகுத்துள்ளது. நற்றிணையின் 40ஆம் பாட்டு, மணி ஒலிக்கும் காவல் மிக்க மனையினையும், மணல் பரப்பிய பந்தரையும், நெய்யும் ஐயவியும் பூசிக் கண்ணயரும் புதல்வன் தாயையும் காட்டுகின்றது. தலைவன் அம்மனைக்கு இரவில் மறைந்து வருகின்றான். அங்குப் பெரும்பாணர் காவல் பூண்டிருக்க, பெண்டிர் விரிச்சி நிற்கின்றனர். கணவனுக்கே அவ்வாயில் எளிதன்று எனின், அயலானுக்கு எங்ஙனம் எளிதாகும்?

இவ்விரு காட்சிகளையும் நாம் ஒப்புநோக்குதல் வேண்டும். சங்கப் பாட்டில் கணவன் இரவில் மனைக்குள் புகுகின்றான். திண்டிவனத்தில் கணவன் இரவில் மனையினின்று வெளியே ஓடுகின்றான். முன்னதில் காவல் தாயைக் காத்தது. பின்னதில் அதே காவல் தாயைக் கொன்றது. மருத்துவச்சியின் கைத்திறம் எட்டாத இடர் வந்தபோது, அக்காவலைக் கடந்து உள்ளே செல்லத் தகுந்த கற்ற பெண் இல்லாமையே இம்மாற்றத்திற்குக் காரணம். வழக்கம் பழுதுடையது என்பதினும், வழக்கத்திற்கு ஈடான அறிவு பெண்டிர்க்கு வழங்கப்படவில்லை என்பதே பொருந்தும்.

மற்றொன்றும் இங்கு நோக்கத்தக்கது. மிஷனின் சபைகளில் பெரும்பாலோர் வயலில் உழைத்த ஏழைக் குடியினர். அவர்தம் பெண்டிர்க்குத் திரைக்காவல் இல்லை. ஐடாவின் கதவைத் தட்டியவரோ, கிறித்தவம் பெரிதும் நுழையாத உயர்குடி மனையினர். ஆகவே, சமயவுரை திறவாத வாயிலை மகப்பேற்றுத் துன்பம் திறந்தது என்று நாம் உணர்கின்றோம்.

வேலூரும் அதன் முன்னோடிகளும்

ஐடா 1895இல் அமெரிக்காவில் மருத்துவக் கல்வி தொடங்கி, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். அவ்வாண்டிலேயே தந்தையாரை இழந்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பெற்றது. 1909இல் செவிலியர் பயிற்சியும், 1918இல் பெண்டிர்க்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. 1942இல் அது பட்டக் கல்லூரியாயிற்று. 1947இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். 1960இல் அம்மையார் கொடைக்கானலில் மறைந்தார்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெண் மருத்துவம் ஐடாவினால்தான் தமிழகத்தில் தோன்றியது என்பதுபோல் எழுதுவதுண்டு. அது பிழை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்டிரைச் சேர்த்துக்கொண்டது. ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885இல் சென்னையில் விக்டோரியா சாதி, கோஷா மகளிர் மருத்துவமனை எழுந்தது. ஆயின், தலைநகரில் மருத்துவமனை உளதாதல் வேறு. திண்டிவனத்தில் நள்ளிரவில் அழைக்க ஒரு பெண் உளளாதல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து, தாம் ஒருவரே மருத்துவராதல் போதாது, இந்நாட்டுப் பெண்டிரையே பலராக ஆக்குதல் வேண்டும் என்று 1918இல் பள்ளி தொடங்கியதே ஐடாவின் தனிச்சிறப்பு.

இல்லறமும் துறவறமும்

திருவள்ளுவர் அறத்துப்பாலில் இல்லறவியல், துறவறவியல் என இரு நெறிகளை வகுத்துரைத்தார். ஐடா மணம் புரியவில்லை. கத்தோலிக்கக் கன்னியர் போல் மடத்து நோன்பும் ஏற்கவில்லை. பிறர் இல்லறம் சிதையாமற் காப்பதற்காகத் தமக்கென இல்லறம் அமைத்துக்கொள்ளாத இந்நெறி, தமிழ்ப் பெண்டிர்க்குப் புதியதாகத் தோன்றியது. தன் மகளை மருத்துவமோ செவிலியர் பணியோ கற்க வெளியூர்க்கு அனுப்பிய ஒவ்வொரு தாயும், மகளின் மணம் தாழ்க்கும் என்னும் அச்சத்தை வென்றே அனுப்பினாள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869இல் பெண்மதி மாலை இயற்றிப் பெண்கல்வியை வற்புறுத்தினார். அவர் நூலில் மொழிந்ததை இத்தாய்மார் மனையில் செய்தனர். சமயப்பற்று இங்கு மறையுரையாக அன்றி, மகளுக்குப் பெட்டி கட்டிக் கொடுக்கும் துணிவாக வெளிப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தென்னார்க்காட்டில் கிறித்தவம் பந்தியிலும் அடுப்பிலும் ஈன்ற அறையிலும் சோதிக்கப்பட்டது என்பது பெறப்படும். பந்தியில் அது முழு வெற்றி பெற்றிலது. அடுப்பில் ஏழையரின் உறுதியால் நிலைபெற்றது. ஈன்ற அறையில், தன் சமயத்தைத் தழுவாதார்க்கும் பயன்பட்டது. 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2010இல் விழுப்புரத்தினின்று திண்டிவனம் செல்லும் வழியில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. இன்று அங்குப் பெண்டிர் பலர் மருத்துவம் பயில்கின்றனர். அவ்வழியிலேயே ஒருகால் மூவர் தம் மனைவியரை இழந்தனர்.

அம்மூவர் மனைவியரின் பெயர்களை எவரும் எழுதி வைத்திலர். வந்த ஆடவரின் குலம் எழுதப்பட்டது. கேட்ட நங்கையின் வரலாறு நூல்களாக விரிந்தது. இறந்தவர் பெயரற்றுப் போயினர். இக்குறை அம்மையாரது குறை மட்டுமன்று, வரலாறு எழுதும் நம் அனைவரது குறையுமாகும். திருச்சபைகளின் திருமுழுக்கு, மண, இறப்புப் பதிவேடுகளும், உபதேசியார் எழுதிய மடல்களும், இப்பகுதி மூதாட்டியர் பாடும் தாலாட்டும் ஒப்பாரியும் இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களினின்று வரும் நம் முதுகலை மாணவர் தத்தம் ஊர்களிலேயே இத்தேடலைத் தொடங்குதல் வேண்டும். முதியோர் மறையுமுன் அவர்பால் கேட்டு எழுதுவனவே மனையின் வரலாற்றுக்கு முதற்சான்றாக அமையும்.