தேனீயும் நீர்முள்ளியும்: கல்லுப்பட்டி தந்த பாடம்

வண்டு முரலாத சோலை தமிழ்க் கவிதையில் அரிது. குறுந்தொகையின் இரண்டாம் பாடல் தும்பியை விளித்தே பேசுகிறது. தருமியின் கதையால் அது மதுரையோடு பிரிக்க இயலாதபடி இணைந்துவிட்டது. அந்த மதுரைக்குத் தென்மேற்கே, டி. கல்லுப்பட்டியில், தேனீயைக் கொண்டு பொருளியலையே விளக்கிய பேரறிஞர் ஒருவர் வாழ்ந்தார்.

ஜி. வேங்கடாசலபதி 1940இல் இங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தை நிறுவினார். தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1950களில் இவ்வாசிரமத்தைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வழிநடத்தியவர் அவர். தேனீ வளர்ப்பும் அச்சங்கத்தின் பணிகளுள் ஒன்று. 1960ஆம் ஆண்டு, காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30ஆம் நாளில், அவரும் மறைந்தார்.

நிலைத்த பொருளாதாரம் குறித்து அவர் சிறையில் எழுதிய நூலில் தேனீக்குத் தனி இடமுண்டு. புலி கொன்று உண்கிறது. தேனீயோ, தான் கொள்ளும்போதே மலருக்குச் சூல் தந்து போகிறது. கொள்பவரும் கொடுப்பவரும் ஒருங்கே வாழும் வழி அது.

திருச்சியில் 1910களில் நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீக்கேற்ற பெட்டியை அமைத்துப் பலருக்கும் பயிற்சி தந்தார். பெட்டியை மனிதன் செய்யலாம்; இரையைப் பூக்களே தர வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பரவிய நச்சுயிரி நோயால் தென்னிந்தியப் பெட்டித் தேனீக்களில் பெரும்பகுதி மடிந்தது. எஞ்சிய கூட்டங்கள் பெருகிட, பயிர் பூக்காத மாதங்களிலும் பூ தேவை. அதைத் தருபவை வரப்பிலும் வாய்க்காலிலும் விதைப்பாரின்றி முளைக்கும் செடிகளே.

அவற்றுள் ஒன்று நீர்முள்ளி. கண்மாய்க் கரையிலும் ஓடை ஓரத்திலும் ஈரம் கண்ட இடத்தில் எழும், கணுதோறும் முள், முள்ளிடையே நீலஊதாப் பூ. மழைக்குப்பின் பூக்கும் இதனைத் தேனீக்கள் நாடி வரும். விதை சித்த மருத்துவத்திற்குப் பயன்படுவது. வீட்டுத் தோட்டத்தில் கிணற்றடி நீர் வடியும் மூலையில், நடைபாதைக்கு அப்பால், முற்றிய விதைகளைத் தூவினால் போதும். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பூச்சிமருந்து தெளிக்கலாகாது, விதை உதிரும்வரை செடியைப் பிடுங்கலாகாது.

இன்று வாய்க்கால்களுக்குச் சிமெண்டுக் கரை எழுகிறது. எஞ்சிய ஈரமண்ணில் களைக்கொல்லி விழுகிறது. வண்டைப் பாடிப் புகழ்பெற்ற மொழி நம்முடையது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் தத்தம் கிணற்றடியில் ஒரு முழ ஈரநிலத்தை வண்டுக்கென ஒதுக்குவார்களானால், அது குமரப்பா வாழ்ந்த மண்ணுக்குச் செய்யும் நன்றியாகும்.