பார்க்க வந்தவர்களும் பார்த்துக்கொண்டவர்களும்



தூய யாக்கோபு தமது திருமுகத்தின் முதல் அதிகாரத்தை முடிக்கும்போது, கடவுளுக்கு முன்பாக மாசற்ற சமய வாழ்வு எது என்று சொல்கிறார். துன்புறும் அநாதைப் பிள்ளைகளையும் கைம்பெண்களையும் கவனிப்பதே அது. அவர் கையாளும் கிரேக்க வினைச்சொல்லுக்குப் 'போய்ப் பார்த்தல்' என்றும் பொருள், 'பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ளுதல்' என்றும் பொருள். ஆயரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நம் தமிழிலும் இந்த நுட்பம் உண்டு. நோயாளியைப் 'பார்த்துவிட்டு வந்தேன்' என்பவர் உறவினர். நோயாளியைப் 'பார்த்துக்கொள்கிறேன்' என்பவர் தாய். வினை ஒன்றுதான், ஆனால் சுமை வேறு.

கடல் கடந்து வந்து நம் மண்ணின் பிள்ளைகளுக்குப் பணி செய்தவர்களின் வரலாறு நீண்டது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கடற்கரையில் மட்டும் அதற்கு 300 ஆண்டு வயது. அந்த வரலாற்றை இன்று இந்த ஒரு கேள்வியோடு திருப்பிப் பார்ப்போம். யார் பார்க்க வந்தார்கள்? யார் பார்த்துக்கொண்டார்கள்?

கதை ஜெர்மனி நாட்டின் ஹாலே நகரில் தொடங்குகிறது. அங்கே பிராங்கே என்ற லூத்தரன் போதகர் ஏழைகளுக்கென்று வைத்திருந்த உண்டியலில், 1695-ஆம் ஆண்டில், 4 தாலரும் 16 குரோஷனும் விழுந்தன. அந்தச் சிறு தொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1698-இல் அங்கே பெரிய அநாதை இல்லம் ஒன்று எழத் தொடங்கியது. ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட அந்த நிறுவனத்தின் தொடர்பில் உருவானவர்தான் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு. அவர் காலத்திலேயே, 1717-இல், கடலூரிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு தர்மப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் 1740-இல் ஹாலேயிலிருந்து கீர்நாந்தர் என்ற சுவீடன் நாட்டவர் கடலூருக்கே வந்து தங்கிப் பணியாற்றினார்.

அவர்களின் ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணி நின்ற இடம் எது? ஆங்கிலேயக் கம்பெனி 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை எல்லை என்று பேசிக்கொண்டார்கள். கடலூரில் இன்றும் குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குண்டு விழும் எல்லைக்குள்தான் பிள்ளைகளின் பள்ளியும் இருந்தது. 1749-இல் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர்மேல் கொண்ட சந்தேகத்தால், கடலூரில் இருந்த கத்தோலிக்க ஆலயத்தைப் பறித்துக் கீர்நாந்தரிடம் கொடுத்தார்கள். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்தார். கீர்நாந்தர் கடலூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தார். கோட்டையை நம்பி நின்ற பணி, கோட்டை விழுந்தபோது தானும் ஆட்டம் கண்டது. பெரியவர்களின் சண்டையில் கத்தோலிக்கர் ஆலயத்தை இழந்தார்கள், லூத்தரன் சபையார் மேய்ப்பரை இழந்தார்கள். எழுத்துக் கற்கவந்த பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்று எந்தத் தளபதியும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

அன்புக்குரியவர்களே, அடுத்த நூற்றாண்டில் வேறொரு வழி பிறந்தது. 1844-ஆம் ஆண்டு சனவரியில் ஆயர் பொன்னான் புதுச்சேரியில் ஒரு சினோதைக் கூட்டினார். நாட்டு மக்களின் கல்வி அங்கே முதன்மையான பேச்சாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், பாரிசு வேதபோதக சபையைச் சேர்ந்த தந்தை துப்புயி, பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிப்பதற்கென்றே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் என்று இன்று நாம் அறியும் சபை அது. குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு, ஆடல் மகளிருக்கு அல்லவா எழுத்து என்று ஊரார் முகம் சுளித்த காலம். தந்தை துப்புயி இதற்காகப் பிரான்சிலிருந்து கப்பல் நிறைய ஆட்களை வரவழைக்கவில்லை. இந்த மண்ணில் பிறந்த, இந்த மொழியைப் பேசுகிற தமிழ்ப் பெண்களை முன்னிறுத்தினார். அவர்கள் விடுமுறை முடிந்து கப்பலேற வேண்டியவர்கள் அல்லர். அதனால்தான் அந்தப் பணி 180 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

ஏறக்குறைய அதே நேரத்தில் பிரான்சு நாட்டில் இன்னொன்று நடந்தது. 1843-இல் நான்சி நகரின் ஆயர் போர்பேன்-ஜான்சன் பாலர் சபையைத் தொடங்கினார். அதில் சேரும் சிறுவர் சிறுமியருக்கு இரண்டே கடமைகள். நாள்தோறும் ஓர் அருள்நிறை மரியே. மாதம் ஒரு சூ, அதாவது மிகச் சிறிய ஒரு செப்புக் காசு. பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே உதவுவது என்பதுதான் அதன் கருத்து. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாதுவருடப் பஞ்சம் வாட்டியபோது, பெற்றோரை இழந்து வீதிக்கு வந்த பிள்ளைகளை மறைப்பணித்தளங்களின் இல்லங்கள் ஏற்றன. அத்தகைய இல்லங்களுக்குக் கஞ்சி ஊற்றியதில் பாலர் சபையின் காசுகளுக்கும் பங்கு உண்டு. அந்தப் பிரெஞ்சுப் பிள்ளைகளில் யாரும் இங்கே வந்து நம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றதில்லை. யாருக்குக் கொடுத்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது. யார் கொடுத்தது என்று உண்டவர்களுக்கும் தெரியாது. வலக்கை செய்வதை இடக்கை அறியாத ஈகை இதுதான் அல்லவா?

இனி பரங்கிப்பேட்டைக்கு வருவோம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர். பரங்கியர் வந்து தங்கியதால் பெற்ற பெயர். வணிகம் செய்ய வந்த பரங்கியர் போய்விட்டார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் வந்த ஒரு பரங்கிப் பெண் போகவில்லை. அவர் பெயர் ஆன் மரீ பீட்டர்சன். டென்மார்க்கில் 1878-இல் பிறந்து, 1909-இல் மறைப்பணிக்காகத் தமிழகம் வந்த ஆசிரியை. 1917-இல் தம் தோழி எஸ்தர் ஃபேரிங்கோடு சபர்மதி ஆசிரமம் சென்று காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பின் அவர் மனத்தில் ஒரு கேள்வி முளைத்தது. வெள்ளையர் அரசின் நிழலில், அதன் விருப்பப்படி நடக்கும் பள்ளியில், இந்தியச் சிறுமி தன் மண்ணின் மகளாக வளர முடியுமா?

இந்தக் கேள்விக்கு விலை இருந்தது. காந்தியோடு பழகும் மறைப்பணியாளர்களை அரசு ஐயத்தோடு பார்த்தது. அவர்களை அனுப்பிய டேனிஷ் சங்கமும் விரும்பவில்லை. எஸ்தர் 1919-இல் சங்கத்திலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ஆன் மரீயும் விலகினார். ஊர்விட்டு ஊர் வந்த பெண்ணுக்கு அனுப்பிய சங்கம்தான் வீடு, சம்பளம், பாதுகாப்பு எல்லாம். அதை விட்டுவிட்டுத்தான் பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்ற பெண்கள் பள்ளிக்கு இடம் தேடினார். 1921 செப்டம்பர் 17-ஆம் நாள் காந்தியடிகள் பரங்கிப்பேட்டைக்கு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். ஐந்தே நாட்கள் கழித்து, செப்டம்பர் 22-இல், மதுரையில் அவர் தம் மேலாடையைத் துறந்து அரையாடை பூண்டார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஆன் மரீ 1951-இல் மறையும்வரை அந்தப் பள்ளியின் பணியை விடவில்லை. சேவா மந்திர் இன்றும் பள்ளியாக நடக்கிறது.

அவர் நம் திருஅவையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நற்செய்திப் பணி செய்ய விரும்பும் எவரும் அவரிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அவர் நம் பிள்ளைகளுக்கு எதையோ கொண்டுவந்தார் என்பதைவிட, நம் பிள்ளைகளுக்காக எதை விட்டுவந்தார் என்பதே பெரிது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அன்பு கப்பலில் மட்டும் வந்ததில்லை. இதே காலத்தில், 1916-இல், சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். எந்தத் தெருவில் நடக்கவும் தடுக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளைகளுக்கு, அதே சமூகத்தில் பிறந்த துறவி ஒருவர் திறந்த வாசல் அது.

அன்பு நேயர்களே, 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பின் மறுநாள். திருவழிபாட்டில் அது திருக்குடும்பப் பெருவிழா. அந்தக் காலையில்தான் சுனாமி வந்தது. தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை, எம்.ஜி.ஆர். திட்டு வரை கடலோரக் குடும்பங்கள் சிதைந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாடெங்கிலுமிருந்தும் உலகெங்கிலுமிருந்தும் உதவி வந்தது. நம் உயர்மறைமாவட்டத்தின் புதுவை பல்நோக்கு சமூக சேவைச் சங்கமும் களத்தில் இறங்கியது. மீனவச் சகோதரர்கள் அந்த உதவியை இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள்.

அதே நாட்களில் லாரி லாரியாக வந்த பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்ததும் உண்மை. பெற்றோரை இழந்த பிள்ளைகளை உடனே தத்தெடுத்துக்கொண்டு போக விரும்பிக் கேட்டவர்களும் பலர். அரசு அவசரத் தத்துக்கு இடம் கொடுக்கவில்லை. நாகப்பட்டினத்தைப் போலவே கடலூரிலும் அப்பிள்ளைகளுக்கென்று அரசு இல்லம் திறக்கப்பட்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ககன்தீப் சிங் பேடி அந்தப் பிள்ளைகள்மேல் காட்டிய அக்கறையைக் கடலூர் மக்கள் அறிவார்கள். தாயை இழந்த பிள்ளைக்குத் தன் ஊரையும் மொழியையும் தாத்தா பாட்டியையும் சேர்த்து இழக்க நேரக் கூடாது என்பதுதான் அந்த முடிவில் இருந்த அறிவு.

இப்போது நம் பங்குக்கு வருவோம். பிறந்தநாளா, இறந்தவரின் நினைவுநாளா, இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுவது நம்மிடையே நல்ல வழக்கமாகவே இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் நம் உறவினரும், வெளிநாட்டுப் பங்குகளின் இளையோரும் இரண்டு வாரம் வந்து தங்கிச் சுவருக்கு வண்ணம் பூசி, பாட்டுச் சொல்லிக்கொடுத்துத் திரும்புகிறார்கள். நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று ஒரு நிமிடம் யோசிப்போம். பசியோடு வரிசையில் நின்று, சோறு போடுகிறவருக்கு நன்றிப் பாட்டுப் பாடிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றால் அந்தச் சோறு எப்படி இறங்கும்? இரண்டு வாரம் 'அக்கா, அண்ணா' என்று ஒட்டிக்கொண்டவர் கையசைத்துப் போகும்போது, ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளை இன்னொரு முறை கைவிடப்படுகிறது. அடுத்த மாதம் வேறொரு குழு வரும். மறுபடியும் அதே பிரிவு.

இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் எல்லாருமே பெற்றோர் அற்றவர்களும் அல்லர். தாயோ தகப்பனோ இருந்தும் வறுமையால் அங்கே வந்தவர்கள் பலர். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. எல்லா இல்லங்களும் பதிவு பெற வேண்டும் என்கிறது. பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. பிள்ளையைத் தன் குடும்பத்திலேயே வளர்க்க உதவும்படி, தகுதியுள்ளோருக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வழியிருக்கிறது. இவற்றைத் தெரிந்துகொள்வதும் பிறரன்புப் பணிதான்.

ஆகவே நம் அன்பியங்களுக்குச் சில வேண்டுகோள்கள். உணவு கொடுக்கிறோமா, பிள்ளைகளை நம்முன் பாடவைக்காமல் கொடுப்போம். அவர்களோடு படம் எடுத்துப் பகிர்வதை விட்டுவிடுவோம். உதவி செய்யும் இல்லம் பதிவு பெற்றதா என்று கேட்போம். ஆண்டுக்கு ஒருநாள் பிரியாணியைவிட, ஒரு பிள்ளையின் கல்விச் செலவைப் பள்ளி முடியும்வரை ஏற்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் தெருவிலேயே கணவனை இழந்து, பிள்ளையை இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று கலங்கி நிற்கும் தாய் இருக்கிறாரா என்று பார்ப்போம். வின்சென்ட் தே பவுல் சபையினரோடு சேர்ந்து அந்தத் தாயின் அடுப்பு அணையாமல் காத்தால், அந்தப் பிள்ளைக்கு இல்லமே தேவைப்படாது. ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணை அழைப்போம்.

ஆண்டவர் இயேசு ஒரு சிறு பிள்ளையை அழைத்துச் சீடர்களின் நடுவில் நிறுத்தினார் என்று மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல, பெரியவர்கள் தங்களைத் திருத்திக்கொள்வதற்காக நிறுத்தினார். நம் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு மட்டுமன்று, பார்த்துக்கொள்வதற்கும் தேவையான பொறுமையை அந்த ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.