புழு நீங்கிய பின்னும் நீளும் நோய்: யானைக்கால் நோய் ஒழிப்பின் அளவுகோல் குறித்து

யானைக்கால் நோயை 2027க்குள் ஒழித்துவிட வேண்டும் என்பது இந்திய அரசின் இன்றைய இலக்கு. 2002ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை இதற்குக் குறித்த ஆண்டு 2015. அது பலமுறை தள்ளிப்போய் இங்கே வந்து நிற்கிறது. ஒரு மாவட்டம் இலக்கை நெருங்கிவிட்டதா என்பதை முதன்மையாக இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. இந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழுவின் இளம் பருவமான நுண்புழு, இரவில் எடுக்கும் இரத்தத்தில் காணப்படுவோரின் விகிதம் ஒன்று. 6, 7 வயதுக் குழந்தைகளிடம் புழுவின் ஆன்டிஜென் தென்படும் விகிதம் மற்றொன்று. புழு இன்னும் பரவுகிறதா என்பதை இவை நம்பகமாகக் காட்டுகின்றன. ஆனால் ஏற்கெனவே வீங்கிய காலோடு வாழ்பவரின் நிலை மேம்பட்டதா, மோசமடைந்ததா என்பதை இவற்றிலிருந்து அறிய வழியில்லை. நோய் பரவுவதை நிறுத்துவது ஒழிப்பின் பாதி வேலை மட்டுமே. நோயாளியின் துன்பம் குறைந்ததா என்பதையும் அதே கண்டிப்போடு அளந்தால்தான் மறுபாதி நிறைவேறும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புழுவை மையமாகக் கொண்ட அளவுகோல் உருவானதற்கு இந்நோயியலின் வரலாறே காரணம். 1863இல் பாரிஸில் விரைவீக்க நீரிலும், 1866இல் பிரேசிலின் பாஹியாவில் சிறுநீரிலும், 1872இல் கல்கத்தாவில் இரத்தத்திலும் நுண்புழுக்கள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. 1877இல் சீனாவின் அமாய் நகரில் பேட்ரிக் மேன்சன் அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். மனித நோய் ஒன்றின் கிருமி, பூச்சியின் உடலில் வளர்ச்சி பெறுகிறது என்பதை உலகம் முதன்முதலில் அறிந்தது அப்போதுதான். அதன்பின் ஆய்வாளர்களின் கவனம் இரத்தத்தின் மீதும் கொசுவின் மீதும் நிலைத்தது. நுண்புழுக்கள் பெரும்பாலான பகுதிகளில் இரவில்தான் வெளி இரத்த ஓட்டத்துக்கு வருகின்றன என்பதால் இரவு இரத்தப் பரிசோதனை வழக்கமாயிற்று. நுண்புழுவை அழிக்கும் டி.இ.சி. மருந்தின் ஆற்றல் 1947இல் தெரியவந்தது. இன்று ஊர் முழுவதற்கும் ஆண்டுதோறும் டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகள் கொடுக்கும் திட்டம் இந்த மரபில் வந்ததுதான். அதன் வெற்றியைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2016இல் இலங்கையும் மாலத்தீவும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்பு வழங்கியது.

எனினும், புழுவின் வரலாறும் காலின் வரலாறும் ஒன்றல்ல. முதிர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து அவற்றை விரிவடையச் செய்து சிதைக்கின்றன. நிணநீர் வடியாமல் தேங்கும் காலில் தோலின் தற்காப்பு குன்றுகிறது. விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண், வெடிப்பு, கீறல் ஆகியவற்றின் வழியே பாக்டீரியா நுழைகிறது. காய்ச்சல், நெறிகட்டுதல், கடும் வலி, கால் சிவந்து வீங்குதல் என நோயாளியைப் பல நாள் படுக்கையில் தள்ளும் தாக்குதல் வருகிறது. ஒவ்வொரு தாக்குதலும் தோலைத் தடிக்கச் செய்து வீக்கத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகிறது. முற்றிய யானைக்காலை உருவாக்குவதில் இந்தப் பாக்டீரியாத் தொற்றுகளுக்குப் பெரும் பங்குண்டு என்பதை பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெர்ஸா டிரேயரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகள் நிறுவின. ஒட்டுண்ணி தொடங்கிவைத்ததைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தொடர்ந்து நடத்துகின்றன. ஆகவே நோயாளியின் உடலில் ஒரு புழுகூட இல்லாத நிலையிலும் நோய் வளரும். இரத்தப் பரிசோதனை அவரைத் தொற்றற்றவர் என்று பதிவு செய்யும் அதே ஆண்டில் அவரது கால் மேலும் பருத்திருக்கலாம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு மருத்துவம் சார்ந்தது. சிதைந்த நிணநீர் நாளங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாதபோது எதை அளப்பது, எதற்காக அளப்பது என்று கேட்கப்படுகிறது. இக்கேள்வி குணப்படுத்துவதையும் கட்டுப்படுத்துவதையும் ஒன்றாகக் குழப்புகிறது. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் நாம் குணப்படுத்துவதில்லை. அதனால் அவற்றைக் கண்காணிக்காமல் விடுவதுமில்லை. காலை நாள்தோறும் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவுதல், விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்தல், சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சைக்கொல்லிக் களிம்பு இடுதல், காலை உயர்த்தி வைத்தல், தகுந்த காலணி அணிதல் ஆகியவை காய்ச்சல் தாக்குதல்களின் எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைக்கின்றன என்பதற்குப் பல நாடுகளிலிருந்து சான்றுகள் உள்ளன. இந்நோயால் வரும் விரைவீக்கமோ அறுவைச் சிகிச்சையால் தீரக்கூடியது. செய்யக்கூடியவை இத்தனை இருக்கும்போது, செய்ய ஒன்றுமில்லை என்ற எண்ணம் நோயாளியை மருத்துவத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: குறைந்த பணமும் குறைந்த ஊழியர்களும் உள்ள நாட்டில், வருங்காலத் தலைமுறை முழுவதையும் காக்கும் மாத்திரை விநியோகத்துக்கே முன்னுரிமை வேண்டாமா? இந்த வாதம் இரு பணிகளும் ஒன்றுக்கொன்று போட்டி என்று எடுத்துக்கொள்கிறது. அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. ஒடிசாவின் குர்தா மாவட்டத்தில் நடந்த ஆய்வில், கால்வீக்கப் பராமரிப்புப் பயிற்சி நடந்த ஊர்களில் மக்கள் மாத்திரையை உட்கொள்வதும் அதிகரித்தது. நோயே இல்லாத நான் எதற்கு மருந்து சாப்பிட வேண்டும் என்று தயங்கும் ஊரில், பாதிக்கப்பட்ட அண்டைவீட்டார் கவனிக்கப்படுவதைக் காண்பது திட்டத்தின் மீது நம்பிக்கையை வளர்க்கிறது. செலவைக் காரணம் காட்டுவோருக்கு டோகோ விடை தருகிறது. மிகுந்த வறுமையுள்ள அந்நாடு சுகாதார ஊழியர்களுக்கு நாடு முழுவதும் கால்வீக்கப் பராமரிப்பில் பயிற்சி அளித்தது. 2017இல் சகாராவுக்குத் தெற்கே இந்நோயை ஒழித்த முதல் நாடாகவும் ஏற்கப்பட்டது.

புதிய தொற்று நின்றால் நோயாளிகளின் எண்ணிக்கையும் காலப்போக்கில் தானே குறைந்துவிடும் என்பது மூன்றாவது மறுப்பு. கணக்களவில் இது உண்மை. ஆனால் இளமையில் கால் வீங்கியவர் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்வார். அத்தனை காலமும் கூலி இழப்பையும், திருமணத் தடையையும், ஊராரின் ஒதுக்கலையும், மனச்சோர்வையும் தனியே சுமக்கும்படி அவரை விடுவதைத்தான் இந்த மறுப்பு வேறு சொற்களில் முன்மொழிகிறது. அரசின் அண்மைக்காலப் பட்டியல்களில் இந்தியாவில் கால்வீக்க நோயாளிகள் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல். மேலும், பரவல் முற்றிலும் நின்றுவிடும் என்ற உறுதியும் எளிதல்ல. மாத்திரை விநியோகம் முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் இலங்கையின் காலி மாவட்டத்தில் தொற்று எஞ்சியிருந்தது ஆய்வுகளில் வெளிப்பட்டது. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அகலாதவரை கண்காணிப்பு தேவை. நோயாளிகளைத் தொடர்ந்து சந்திக்கும் ஆரம்ப சுகாதார நிலையமே அக்கண்காணிப்புக்கும் உறுதியான அடித்தளம்.

உலக சுகாதார நிறுவனம் 2000இல் தொடங்கிய திட்டம் நோயாளிப் பராமரிப்பைத் தன் இரண்டாவது தூணாக ஏற்றே இருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நோயாளிகளின் எண்ணிக்கையையும் சிகிச்சை வசதிகளையும் ஆவணப்படுத்தும்படி அது கேட்கிறது. குறை இரு தூண்களுக்கும் இடையே உள்ள எடை வேறுபாட்டில்தான். பரவலுக்குத் துல்லியமான எண் வரம்பு உண்டு. அதற்குக் கீழே இறங்காத மாவட்டம் தேர்ச்சி பெறாது. பராமரிப்புக்கோ வசதி இருக்கிறது என்ற சான்றே போதுமானதாகிறது. அந்த வசதியால் எத்தனை பேருக்குக் காய்ச்சல் தாக்குதல் குறைந்தது என்று யாரும் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. ஓராண்டில் ஒரு நோயாளிக்கு வந்த தாக்குதல்களின் சராசரி, விரைவீக்க அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் எண்ணிக்கை, சோப்பும் களிம்பும் தவறாமல் கிடைத்தோரின் விகிதம் ஆகிய மூன்றையும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு பதிவேட்டிலேயே திரட்டிவிட முடியும். இவற்றுக்கும் வரம்பு விதித்து, அவை எட்டப்படாத மாவட்டத்துக்கு ஒழிப்புச் சான்று வழங்குவதில்லை என்று அரசு முடிவு செய்ய வேண்டும். சான்றிதழ் கிடைத்த மறுநாளே நிதியும் கவனமும் வேறு நோய்களை நோக்கி நகரும் என்பதால், அந்த முடிவை 2027க்குப் பின்னர் அல்ல, முன்னரே எடுப்பது இன்றியமையாதது.