விதிநூலும் வியாக்கியானமும்

1974-ஆம் வருஷம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய மூன்று சிறு விதிப்புத்தகங்கள், ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கற்பனை விளையாட்டின் நாமத்துடன் ஒரே பெட்டியில் அடங்கி வெளிவந்தன. முதலில் அச்சானவை ஆயிரம் பிரதிகளே. போர்முறைக்கு 1971-இல் வந்த ‘செயின்மெயில்’ என்ற வேறொரு நூலைப் பார்க்கச் சொல்லி, கூடவே மாற்று முறையொன்றையும் தந்து, மிச்சத்தை ஆடுவோரின் கற்பனைக்கே விட்டுவிட்ட அந்நூலுக்கு, சூத்திரம் சுருங்கினால் பாஷ்யம் பெருகும் என்ற நியாயப்படி, ஊருக்கொரு வியாக்கியானம் முளைத்ததில் வியப்பில்லை.

இவ்விளையாட்டில் மந்திரவாதி மனனம் செய்த மந்திரத்தை உச்சரித்த கணமே மறந்துவிடுகிறான் என்ற ஏற்பாடு, எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து வந்தது. இது அபத்தம் என்று வாதித்தவர்கள், மந்திர சக்தியைப் புள்ளிகளாக எண்ணிச் செலவிடும் முறைகளை வகுத்தார்கள். என் அபிப்பிராயத்தில் அவர்கள் பக்கம் தர்க்கம் இருந்தது, ரஸம் மட்டும் வான்ஸிடமே தங்கிவிட்டது. இத்தகைய வாதங்களுக்கு மேடையாயிருந்த, 1975-இல் லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் அம்மையார் தொடங்கிய ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற சஞ்சிகைக்கு, அன்பர்கள் தத்தம் பக்கங்களை எழுதியனுப்ப, அவை ஒன்றாகத் தொகுக்கப்பட்டு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தன. ஓர் இதழின் கண்டனத்துக்கு அடுத்த இதழில் மறுப்பு வரும்.

விதிகளைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளலாமென்று முன்பு அனுமதித்த கைகாக்ஸே, 1977 முதல் 1979 வரை வெளியிட்ட விரிவான மூன்று நூல்களில், எங்கும் ஒரே விதி நிலவ வேண்டுமென்று வற்புறுத்தலானார். புதிய நூல்கள் பருத்தன. சர்ச்சைக்குரிய பக்கங்களும் அதே அளவில் கூடின.